பன்னிரண்டு அடி தூரத்தில் ஒரு முயல்

கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், நடக்கிற தூரத்திலேயே காயல். அங்கே 2025 அக்டோபரில் வாட்டர் மெட்ரோ நிலையம் திறந்தார்கள். பேட்டரியில் ஓடும் படகு. நூறு பேர் ஏறலாம், உள்ளே ஏசி. படகு வந்து அணையும் மேடை தண்ணீரின் மேல் மிதக்கிறது. ஓதம் ஏறினால் மேடையும் ஏறும், வடிந்தால் கூடவே இறங்கும். அதனால் படகின் தளமும் மேடையும் எப்போதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள்கூடச் சிரமமில்லாமல் ஏறிவிடலாம்.

இவ்வளவு வசதி செய்து வைத்தும், அந்த மேடையில் கால் வைத்ததுமே சில பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்கும். மேடைக்கும் படகுக்கும் நடுவே இருக்கும் சின்ன இடைவெளியில் காயல் தண்ணீர் தளும்புவது கண்ணில் படும். அவ்வளவுதான். நாக்கு வறண்டு, உள்ளங்கை வேர்த்து, கால் வெலவெலத்துப் போகும். "வேண்டாம்ப்பா, பஸ்லயே போயிடலாம்" என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுப்பார்கள். பின்னால் வரிசையில் நிற்கிற யாராவது "இதுக்குப் போயா பயப்படறே?" என்று கேட்டுவிட்டால் இன்னும் மோசம். பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொள்ளும்.

அந்தப் பிள்ளை நீயாகவும் இருக்கலாம். உனக்குப் படகில் பயமே இல்லாமல், நாய், இருட்டு, ஊசி, மொட்டைமாடி, வகுப்பில் எழுந்து நின்று பேசுவது என்று வேறு ஏதாவது இருக்கலாம். எதற்குப் பயந்தாலும் உடம்புக்குள் நடப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். அதைத் தெரிந்துகொண்டால் பயத்தை என்ன செய்வது என்பதும் விளங்கும். தைரியசாலிகள் பிறக்கும்போதே தைரியத்தோடு பிறந்தவர்கள் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கடந்த நூறு ஆண்டுகளில் நடந்த ஆராய்ச்சிகள் வேறு விதமாகச் சொல்கின்றன.

முதலில் உடம்பைப் பார்ப்போம். இரண்டு காதுகளுக்கும் நேர் உள்ளே, மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக வாதுமைப் பருப்பு வடிவத்தில் இரண்டு சிறிய பகுதிகள் இருக்கின்றன. அமிக்டலா என்று பெயர். கண்ணும் காதும் அனுப்பும் செய்தியில் ஆபத்தின் சாயல் தெரிந்தால் உடனே எச்சரிக்கை எழுப்புவது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. எச்சரிக்கை கிளம்பியதும், சிறுநீரகங்களின் மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, ஏனென்றால் கால் தசைகளுக்கு நிறைய இரத்தம் தேவை. மூச்சு வாங்குகிறது, ஏனென்றால் அந்தத் தசைகளுக்கு ஆக்சிஜன் தேவை. ஓடினால் உடம்பு சூடாகும் என்பதால் முன்கூட்டியே வேர்க்கிறது. உயிர் பிழைப்பதா, இட்லியைச் செரிப்பதா என்று வந்தால் உடம்பு முதலாவதைத்தான் தேர்ந்தெடுக்கும். ஆகவே செரிமான வேலை மட்டுப்படுகிறது. எச்சில் குறைந்து நாக்கு வறள்வதும், வயிற்றைப் பிசைவதும் அதனால்தான்.

ஆக, மேடையில் நின்று நீ நடுங்கும்போது உன் உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உன்னைத் தயார்செய்துகொண்டிருக்கிறது. ஆபத்து இருக்கிறதா என்று நிதானமாகச் சரிபார்ப்பதற்கு முன்பே எச்சரித்துவிடுவதுதான் சிக்கல். அடுக்குமாடிக் கட்டடங்களில் புகையைக் கண்டால் அலறும் கருவி வைத்திருப்பார்கள், பார்த்திருக்கிறாயா? தீப்பிடித்தாலும் அலறும், பாட்டி சாம்பிராணி போட்டாலும் அலறும். அதற்காக அதைப் பிடுங்கி எறிந்துவிட முடியாது.

பிடுங்கி எறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு உண்மையான ஒருவரே இருக்கிறார். அமெரிக்காவில் ஒரு பெண்மணி. ஆய்வாளர்கள் அவரை எஸ்.எம். என்று மட்டும் குறிப்பிடுவார்கள். மிக அரிதான பரம்பரை நோய் ஒன்றால் அவருடைய அமிக்டலாக்கள் இரண்டும் சிதைந்துவிட்டன. பாம்பைக் கையில் கொடுத்தால் ஆர்வமாக வாங்கித் தடவிப் பார்த்தார். கேட்பதற்குப் பொறாமையாக இருக்கிறதா? அவருடைய வாழ்க்கை அப்படி இருக்கவில்லை. ஆபத்தானவர்களை முன்கூட்டியே கண்டு ஒதுங்கத் தெரியாமல், உயிருக்கே மிரட்டல் வந்த நிலைமைகளில் மாட்டிக்கொண்டார். இதில் இன்னொரு விந்தையும் உண்டு. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கார்பன் டை ஆக்சைடு அதிகம் கலந்த காற்றை அவரைச் சுவாசிக்கச் சொன்னார்கள். எதற்கும் பயப்படாத அவர் அப்போது அரண்டுபோனார். மூச்சுத் திணறல் போல உடம்புக்குள்ளிருந்தே வருகிற ஆபத்துக்கு அமிக்டலா இல்லாமலேயே பயம் வரும் என்று அப்போது தெரிந்தது. பயம் அவ்வளவு முக்கியம் என்பதால்தான் உடம்பு அதை ஒரே இடத்தில் மட்டும் நம்பி ஒப்படைக்கவில்லை போலிருக்கிறது.

எனவே பயம் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த எச்சரிக்கை சரியானதா?

கொச்சிக்காரர்கள் தண்ணீருக்குப் பயப்படுவதில் நியாயமும் உண்டு. 2015 ஆகஸ்ட் 26 அன்று வைப்பினுக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் நடுவே சென்றுகொண்டிருந்த பயணிகள் படகின் மேல் ஒரு மீன்பிடிப் படகு மோதியது. பயணிகள் படகு மூழ்கி, பல உயிர்கள் போயின. அந்த நாளை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. நீச்சல் தெரியாத பிள்ளை ஆழமான தண்ணீரைக் கண்டு தயங்கினால் அது கோழைத்தனமே கிடையாது. அந்தப் பயத்துக்குச் சரியான மருந்து நீச்சல் கற்றுக்கொள்வதும், உயிர்காப்பு உடை அணிவதும்தான். கொச்சிக்கு வடக்கே ஆலுவாவில் சஜி வாளாச்சேரில் என்பவர் பல ஆண்டுகளாகப் பெரியாற்றில் கட்டணம் வாங்காமல் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறார். சிறுவர்கள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் அவரிடம் கற்றிருக்கிறார்கள். கற்று முடித்தவர்கள் பெரியாற்றைக் குறுக்கே நீந்திக் கடப்பதும் உண்டு. தண்ணீரைக் கண்டு நடுங்கியவர்கள் அவர்களிலும் இருந்திருப்பார்கள் அல்லவா?

ஆனால் சோதித்துப் பார்த்த படகு, பயிற்சி பெற்ற ஓட்டுநர், கைக்கு எட்டும் இடத்தில் உயிர்காப்பு உடை, பக்கத்தில் அப்பா, அமைதியான காயல் என்று எல்லாம் இருந்தும் எச்சரிக்கை ஓயவில்லையென்றால், அது சாம்பிராணிப் புகைக்கு அலறுகிறது என்று அர்த்தம். இனி நாம் பேசப்போவது அந்த மாதிரிப் பயத்தைப் பற்றி.

அப்படிப் பயந்து, மேடையிலிருந்து திரும்பி, தோப்பும்படி வழியாகப் பஸ்ஸில் எர்ணாகுளம் போகிறாய் என்று வைத்துக்கொள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் நெஞ்சு லேசாகி "அப்பாடா!" என்று ஒரு நிம்மதி வருமே, அதை நன்றாகக் கவனி. பயத்தை வளர்க்கும் உரம் அதுதான். மூளை ஒரு கணக்குப் போடுகிறது: படகைப் பார்த்தோம், பயந்தோம், ஓடிவந்தோம், பிழைத்தோம். படகில் ஏறியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பது அதற்குத் தெரிய வழியே இல்லை. அடுத்த முறை படகின் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்கும். அதற்கடுத்த முறை அந்தத் தெருப்பக்கமே போகத் தோன்றாது. விலக விலக, விலக வேண்டிய இடங்கள் கூடிக்கொண்டே போகும்.

இதைத் தலைகீழாக்க முடியுமா என்று அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் உளவியலாளர் பார்த்தார். 1924-இல் அவர் எழுதிய ஆய்வின் நாயகன் பீட்டர் என்ற சிறுவன். மூன்று வயது நிரம்பவில்லை. முயல் என்றால் அவனுக்கு நடுக்கம். வெள்ளை எலி, உரோமக் கோட்டு, இறகு, பஞ்சு என்று மெத்தென்ற எதைக் கண்டாலும் அழுவான்.

ஜோன்ஸ் அவனுக்கு அறிவுரை சொல்லவில்லை, அதட்டவும் இல்லை. முயலை அவன் மடியில் போட்டு "பார், ஒன்றும் பண்ணாது" என்று கட்டாயப்படுத்தவும் இல்லை. கூண்டுக்குள் முயல் இருக்கும் அறையில், முயலுக்குப் பயப்படாத மற்ற குழந்தைகளோடு அவனை விளையாட விட்டார். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைச் சாப்பிடக் கொடுத்து, அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார். அவன் முகம் மாறினால் அங்கேயே நிறுத்திவிடுவார். தொடக்கத்தில் அறையில் எந்த மூலையில் முயல் இருந்தாலும் பீட்டரால் தாங்க முடியவில்லை. பிறகு கூண்டு பன்னிரண்டு அடி தூரத்தில் இருந்தால் பரவாயில்லை என்றானது. பிறகு நான்கு அடி. பிறகு மூன்று அடி. பிறகு பக்கத்திலேயே. அடுத்து முயலைக் கூண்டிலிருந்து திறந்துவிட்டார்கள். வேறொருவர் பிடித்துக்கொண்டிருக்க, பீட்டர் தொட்டுப் பார்த்தான். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கும்போதுகூட விலகாமல் விளையாடினான். யாரும் கேட்காமலே, முயலைப் பிடிக்கும் என்று அவனே சொன்னான். பஞ்சு, இறகு, கோட்டு மீதிருந்த பயங்களும் கூடவே போய்விட்டன.

இதில் நான் மிகவும் மதிப்பது அந்தப் பன்னிரண்டு அடியைத்தான். பயந்த பிள்ளையிடம் "போ, போய்த் தொடு" என்று சொல்ல எல்லாராலும் முடியும். அவனால் இன்றைக்கு எவ்வளவு தூரம் தாங்க முடியும் என்று அளந்து, அங்கிருந்து தொடங்க ஒருவருக்குத் தோன்றியதே, அதுதான் அறிவியல். இன்று பயத்துக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்கள் கையாளும் முறையின் அடிப்படையும் இதுதான்.

அப்போது மூளையில் என்ன நடக்கிறது? பழைய பயம் அழிந்துபோவதில்லை. முயல் ஆபத்து என்ற பழைய பாடம் அப்படியே இருக்க, முயலால் ஒன்றும் ஆகவில்லை என்ற புதிய பாடம் பக்கத்தில் பதிகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி இந்தப் புதிய பாடத்தைப் பயன்படுத்தி அமிக்டலாவை அமர்த்துகிறது. புதிய பாடம் பதிய ஒரு நிபந்தனை உண்டு. எச்சரிக்கை எழும்பும்போது நீ அந்த இடத்திலேயே இருக்க வேண்டும், ஒன்றும் ஆகவில்லை என்பதை உன் கண்ணாலேயே பார்க்க வேண்டும். பாதியில் ஓடிவிட்டால் பழைய பாடம்தான் இன்னும் ஆழமாகும். கண்ணை இறுக மூடிக்கொண்டு பயணம் செய்தாலும் பலன் குறைவு. கண்ணை மூடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை எழுதிக்கொள்ளும்.

மேடையிலேயே நின்றால் பயம் ஏறிக்கொண்டே போகாதா என்று கேட்பாய். போகாது. இரத்தத்தில் கலந்த அட்ரினலின் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். உடம்பால் உச்சத்திலேயே நிற்க முடியாது, தானாக இறங்கி வரும். அதற்கு நீயும் கைகொடுக்கலாம். இப்போதே ஒரு சோதனை செய்து பார். வலது கையின் இரண்டு விரல்களை இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே வை. துடிப்பு தெரிகிறதா? மெதுவாக மூச்சை இழு. அதைவிட மெதுவாக விடு. இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது சற்று நிதானமாகும். பெரியவர்களைவிட உன் வயதுப் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். மூச்சை நீளமாக விடும்போது இதயத்தை நிதானப்படுத்தும் நரம்பு வேலை செய்கிறது.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதையே வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டவர் ஆல்பர்ட் பண்டூரா. 2021-இல் மறைந்தார். 1969-இல் அவரும் அவருடைய குழுவினரும் பாம்புக்கு மிகவும் பயந்தவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பயிற்சியாளர் முதலில் நஞ்சில்லாத பாம்பைத் தாமே கையாண்டு காட்டுவார். பிறகு பயந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையுறையோடு தொட வைத்து, அப்புறம் வெறும் கையால் தொட வைத்து, மெல்ல மெல்லத் தன் உதவியைக் குறைத்துக்கொள்வார். படம் பார்த்தவர்களையும், மனதுக்குள் கற்பனை மட்டும் செய்து பழகியவர்களையும்விட, இப்படிக் கூடவே செய்து பழகியவர்கள்தான் மிக நன்றாகத் தேறினார்கள். பின்னர் அவர்களிடம் பேசியபோது பண்டூராவே எதிர்பாராத ஒன்று தெரிந்தது. பாம்புப் பயத்தை வென்றவர்கள், பாம்போடு சம்பந்தமே இல்லாத வேறு விஷயங்களிலும் துணிந்து இறங்கத் தொடங்கியிருந்தார்கள். (நீ பாம்பைத் தொட்டுப் பழகக் கூடாது. கேரளத்தில் வீட்டுக்குள் பாம்பு வந்தால் வனத்துறையின் சர்ப்பா செயலியில் தெரிவித்தால் பயிற்சி பெற்றவர்கள் வருவார்கள். பெரியவர்களிடம் சொல்லி அதைச் செய்ய வை.)

1977-இல் பண்டூரா இதைக் கோட்பாடாக எழுதினார். "என்னால் முடியும்" என்ற எண்ணத்துக்கு மிகப் பெரிய ஊற்று, நாமே செய்து முடித்த அனுபவம். நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது அடுத்தது. பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை அதைவிட வலு குறைந்தது. மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவர்களில் இராமாயணக் கதையை அழகழகாக வரைந்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு ஜாம்பவான் நினைவுக்கு வருவார். அனுமனுக்கு அவனுடைய பலத்தை எடுத்துச் சொல்லி, கடலைத் தாண்ட வைத்தவர் அவர். அனுமனிடம் பலம் ஏற்கெனவே இருந்தது, ஞாபகப்படுத்தினால் போதுமாக இருந்தது. உன்னிடமும் என்னிடமும் அந்தப் பலம் சேர்வதற்கு ஜாம்பவானோடு சின்னச் சின்னத் தாண்டல்களும் வேண்டும்.

சரி, படகுக்குத் திரும்புவோம். ஒரு நோட்டில் பூஜ்யம் முதல் பத்து வரை எழுது. பூஜ்யம் என்றால் பயமே இல்லை. பத்து என்றால் இதைவிடப் பயப்பட முடியாது. படகைப் பற்றி நினைத்தால் என்னென்ன காட்சி வருகிறதோ அதற்கெல்லாம் மதிப்பெண் போடு. ஃபோர்ட் கொச்சிக் கரையில், சீன வலைகளுக்குப் பக்கத்தில் நின்று படகுகள் போவதைப் பார்ப்பது உனக்கு இரண்டாக இருக்கலாம். அங்கே தொடங்கு. முதல் நாள் இரண்டு, மறுபடி போனால் ஒன்று, அப்புறம் சலிப்பே வந்துவிடும். சலிப்பு வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்கு வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகும் ஜங்கார் உண்டு. அகலமான தளம், அதிகம் ஆடாது, சில நிமிடங்களில் அக்கரை. அது உனக்கு ஐந்தாக இருக்கலாம். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை, கையைப் பிடிக்காமல் பக்கத்தில் நின்று ஒரு தடவை. நண்பன் ஒருவன் முன்னால் ஏறிக் காட்டினால் இன்னும் நல்லது. அதன்பிறகு மட்டாஞ்சேரியில் அந்த மிதக்கும் மேடை. ஏறும்போது ஏழு, நடுக் காயலில் ஐந்து, இறங்கும்போது இரண்டு என்று எண்கள் இறங்குவதை நீயே எழுதி வைப்பாய். அந்த நோட்டு உன் சொந்த ஆய்வுக் குறிப்பு. நம்பிக்கை இல்லாமலேயே படகில் ஏறலாம் என்பதும், நம்பிக்கை இறங்கும்போதுதான் வந்து சேர்கிறது என்பதும் அந்த எண்களிலேயே தெரியும்.

எங்கே தொடங்குவது என்று முடிவு செய்வது நீதான். வேறு யாரும் திடீரென்று பிடித்துத் தள்ளக் கூடாது. பெரியவர்கள் யாராவது அப்படிச் செய்தால் இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டு. பயத்தால் தூக்கம் போகிறது, பள்ளிக்கூடமே போக முடியவில்லை என்ற அளவுக்கு இருந்தால், நோட்டு மட்டும் போதாது. அம்மா அப்பாவிடம் சொல்லி மனநல மருத்துவரைப் பார். கால் சுளுக்கினால் டாக்டரிடம் போகிறோமே, அதே மாதிரிதான்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பீட்டரின் கதையில் ஒரு பகுதியை நான் சொல்லாமல் விட்டிருக்கிறேன். நன்றாகத் தேறிவந்த நேரத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்து, ஏறத்தாழ இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்தான். அங்கிருந்து திரும்பும்போது ஒரு பெரிய நாய் அவன் மேல் பாய்ந்தது. முயல் பயம் பழையபடி வந்துவிட்டது. ஜோன்ஸ் அலுத்துக்கொள்ளவில்லை. கூண்டை மறுபடி தூரமாக வைத்துத் தொடங்கினார். தின்பண்டம் கொடுத்துக் கூண்டைக் கிட்டே நகர்த்தும் முறை வந்ததே இந்த இரண்டாவது சுற்றில்தான். அதில்தான் பீட்டர் முழுமையாகத் தேறினான். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ் தம் நாய்களிடமும் இதையே கண்டார். மறந்துபோனதாகத் தோன்றிய பழக்கம், சில காலம் இடைவெளி விட்டால் தானாகத் தலைகாட்டும். பழைய பாடம் அழியவில்லை என்று முன்பே சொன்னேன் அல்லவா?

ஆகவே இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கி, காயல் கலங்கி, பல வாரம் படகுப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, மழை ஓய்ந்த பிறகு நீ மேடையில் போய் நின்றால், நோட்டில் மறுபடியும் ஆறோ ஏழோ விழலாம். அன்றைக்கு எர்ணாகுளம் போக வேண்டாம். இரண்டு படி கீழே இறங்கி, ஜங்காரில் வைப்பினுக்கு ஒரு தடவை போய்விட்டு வா. இந்தத் தடவை அந்த எண் பெரும்பாலும் முன்னைவிடச் சீக்கிரம் இறங்கும். அதையும் தேதி போட்டு எழுதி வை.